மச்சில் முட்டை வாடை

ஐப்பசி மாதத்தில் போடிநாயக்கனூரில் பஸ்சை விட்டு இறங்குகிறவனுக்கு, ஊர் கண்ணில் படுவதற்கு முன்னால் மூக்கில் பட்டுவிடும். மலையில் விளைந்த ஏலக்காயெல்லாம் மூட்டை மூட்டையாக இறங்குகிற காலம் அது. சாக்கடைகூடப் பாயசம் மாதிரி மணக்கும். மாட்டைக் கறந்தால் ஏலக்காய் தட்டிப் போட்ட பாலாகவே இறங்குகிறது என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு. செய்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டே வாசிக்கலாம். மிச்சம் இருக்கிற பாதி ஒரு வீட்டைக் கூரையோடு தூக்கப் போதுமானது.

ராசிங்காபுரத்தில் ஜக்கையன் என்று ஒரு சம்சாரி. மலைச் சரிவில் மூன்று ஏக்கர் ஏலம், கீழே சோளக்காடு, தொழுவத்தில் ஒன்பது உருப்படி மாடு. அவருடைய வீட்டுக்காரி மூக்கம்மாள். காயைக் கண்ணால் தரம் பிரிக்கிறவர்கள் ஊரில் ஐம்பது பேர் இருந்தார்கள். மூக்கால் பிரிக்கிறவள் அவள் ஒருத்திதான். ஒரு காயை உடைத்து மோந்தால் எந்தச் சரிவில் விளைந்தது, காயவைத்த கொட்டகையில் எரிந்தது எந்த மரத்து விறகு என்று சொல்லிவிடுவாள். அந்த விறகை வெட்டியவன் புகையிலை போடுகிறவன் என்பதையும் ஒருமுறை சொன்னாளாம். அதை நான் நேரில் பார்க்கவில்லை.

மூக்கைக் கொடுத்த சாமி, கண்ணை விறகடுப்புக்கு நேர்ந்துவிட்டது. பதினோரு வருஷப் புகை. இமையெல்லாம் கோவைப்பழம். போடி டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "மருந்து தர்றேன். ஆனா புகை போகாம கண்ணு தேறாது" என்று சொல்லி அனுப்பினார். அந்த வருஷம்தான் பிளாக் ஆபீசிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து, மாட்டுச் சாணியைக் குழியில் கரைத்து விட்டால் அதிலிருந்து புகையில்லாத நெருப்பு வரும் என்று ஊர் மடத்தில் சொல்லிவிட்டுப் போனார். ஊரே சிரித்தது. மூக்கம்மாள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள். மூன்றாம் நாள் ஜக்கையன் குழி தோண்ட ஆள் கூப்பிட்டார்.

"தோண்டுறேன்" என்றார். "ஆனா ஒண்ணு. இதால வீட்டுக்கு ஒரு கேடு வந்துச்சுன்னு வையி, அன்னைக்கே குழிய மூடி மேல முருங்கக் கொம்ப ஊண்டிருவேன். பெறகு நீ எம்புட்டு நாள் பட்டினி கெடந்தாலும் சரி."

"ஊண்டிக்கிடுங்க" என்றாள் அவள்.

தொழுவத்துக்குப் பின்னால் கிணறு மாதிரி ஒரு குழி. அதற்குள் சாணிக் கரைசல். அதன் மேல் கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி ஒரு பெரிய இரும்புத் தொப்பி மிதந்தது. உள்ளே கேஸ் சேரச் சேரத் தொப்பி மேலே எழும்பும். எரிக்க எரிக்க இறங்கும். தொப்பியின் உச்சியில் ஒரு திருகு. அங்கிருந்து இரும்புக் குழாய் தொழுவத்தைத் தாண்டி, நடுவீட்டுச் சுவரோரமாகக் கைக்கு எட்டுகிற உயரத்தில் போய், வடக்கே அடுப்படியில் இறங்கியது.

குழாய் மாட்டியவர் போடியில் இரும்புக்கடை வைத்திருந்த யோசேப்பு. முன்னால் மலைக்கு அந்தப் பக்கம் தேயிலை ஃபாக்டரியில் பாய்லர் பார்த்தவர். பேச்சில் அங்கங்கே மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜக்கையன் அந்தக் குழாயைத் தட்டிப் பார்த்தார். பிடித்துத் தொங்கிப் பார்த்தார். "என்னா கனம்! மாப்ளே, தேவாரத்துக் காட்டுல எறங்குற யானையப் பிடிச்சு இதுல கட்டலாம்யா" என்றார். அந்த மெச்சல் ஜக்கையன் மனசில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டது. அது பின்னால் வருகிறது.

அடுப்பைப் பற்றவைத்த அன்றைக்குப் பொட்டிபுரத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நீலமாக நெருப்பு எழும்பியதும் கூட்டம் ஓரடி பின்வாங்கியது. கேள்விகள் பிய்த்துக்கொண்டு வந்தன. எருமைச் சாணிக்கு நெருப்பு கருப்பாக வருமா? சினைமாட்டுச் சாணிக்குச் சூடு கூடுதலா? இதில் ரசம் வைத்தால் விரதத்துக்கு ஆகுமா? இந்த அமளியில் யோசேப்பு ஒரு விஷயத்தை மூன்று தடவை சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

"கேட்டுக்கங்க. இந்தக் கேஸ் அழுகின முட்டை மாதிரி நாறும். அடுப்பு எரியாத நேரத்துல வீட்டுக்குள்ள அந்த நாத்தம் வந்துச்சுன்னா, எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். அப்ப தீக்குச்சி கிழிக்கப்படாது, கரண்டு சுவிச்சு தொடப்படாது. கதவைத் திறந்துபோட்டு எல்லாரும் வெளிய போயிரணும். வெளிய இருக்கிற தொப்பித் திருக மூடணும். எனக்கு ஆள் விடணும். நீங்களா குழாயக் கழட்டப்படாது."

"ஆமா, ஆமா" என்றது கூட்டம், நெருப்பைப் பார்த்துக்கொண்டே. மூக்கம்மாள் மட்டும், "முட்டை எத்தன நாள் அழுகினதுண்ணே?" என்று கேட்டாள்.

யோசேப்பு அவளைத் திரும்பிப் பார்த்தார். "நாலு நாள்" என்றார் யோசித்து.

வீட்டில் இன்னொரு ஆள், ஜக்கையனின் அக்காள் ஆயம்மாள். தாலி அறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்தவள். வீட்டுச் சாமி, விரதம், வெள்ளிக்கிழமை எல்லாம் அவள் பொறுப்பு. "மாட்டுப் பின்பக்கத்துல வர்ற நெருப்புல வெந்த சோறு எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டாள். கொல்லையில் மூன்று கல் கூட்டி, தனக்குத் தனியாகப் பொங்கிக்கொண்டாள்.

மூக்கம்மாளுக்கோ தொப்பியைப் பார்ப்பதில் ஒரு பைத்தியம். காலையில் அது எவ்வளவு எழும்பியிருக்கிறது, சமைத்து முடித்ததும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சுண்ணாம்பால் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். தொப்பி அம்மை போட்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பொட்டுகளில் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தாள். தான் காய் பொறுக்கப் போய்விட்டு மத்தியானம் திரும்புகிற நாட்களில், யாரும் சமைக்காமலே தொப்பி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. ஒரு விரற்கடை என்றால் ஒரு செம்பு காப்பி. ஆயம்மாளின் வாயருகில் காப்பி வாடையும் அடித்தது. மூக்கம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட ரகசியத்தைக் கேட்டுக் கெடுப்பதைவிடப் பொட்டு வைத்து ரசிப்பதில் ருசி அதிகம்.

ஐப்பசி இரண்டாவது வெள்ளிக்கிழமை. நான்கு நாளாக நசநசவென்று தூறல். மலை கண்ணில் படவில்லை. மேகம் வீட்டு ஓட்டில் உட்கார்ந்திருந்தது. ஜக்கையன் வியாழக்கிழமையே அந்த வெள்ளாமைக் காய் முழுவதையும் நிறுத்து, கட்டி, மச்சில் ஏற்றிவிட்டார். சனிக்கிழமை போடிக்கு லோடு. ஈரக்காற்று பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும் என்பதால் மச்சு சன்னலில் கோணிச் சாக்கைத் திணித்து, சாணி போட்டு மெழுகி, எறும்பு மூச்சுவிட வழியில்லாமல் அடைத்திருந்தார். கீழே வாசல் கதவு, சன்னல் எல்லாம் சாத்தல். ஏலக்காய்க் காலத்தில் அந்தப் பக்கத்து வீடுகளெல்லாம் அப்படித்தான். மனுசனுக்கு மூச்சு முட்டினாலும் காய்க்குக் காற்றுப் படக்கூடாது.

மூக்கம்மாள் பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாளுக்குக் காய் பொறுக்கிக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் நாலரை மணிக்குத் தொழுவம் வழியாக வந்தாள். பழக்கதோஷத்தில் தொப்பியைப் பார்த்தாள்.

காலைப் பொட்டுக்கு ஒன்றரைச் சாண் கீழே கிடந்தது தொப்பி.

ஒன்றரைச் சாணுக்குக் காப்பி போட்டால் ராசிங்காபுரம் முழுக்கக் குடித்து, மீதியில் ஊர் மாடுகளைக் குளிப்பாட்டலாம். அவள் வீட்டுக்குள் போனாள். மோந்தாள். ஏலக்காய். மறுபடியும் மோந்தாள். ஏலக்காய்தான். நாளெல்லாம் காயோடு கிடந்த மூக்கு மரத்துப்போயிருந்தது. பொறுக்குகிற பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வெளியே வந்து கிணற்றடி ஈரமண்ணை ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி ஆழமாக மோந்தாள். மூக்கு கழுவிவிட்ட மாதிரி ஆனது. திரும்ப உள்ளே போனாள். ஏலக்காய் வாடைக்கு அடியில், பாயசத்தில் பல்லி கிடந்த மாதிரி, அது இருந்தது. முட்டை. அடுப்பைப் பார்த்தாள், திருகு மூடித்தான் இருந்தது. மச்சு ஏணியில் இரண்டு படி ஏறித் தலையை நீட்டினாள். அங்கே நாலு நாள் அழுகல்.

இறங்கி நின்ற அந்த ஒரு கணம்தான் இந்தக் கதை. வெளியே சொன்னால் குழி மூடப்படும், முருங்கைக்கொம்பு ஊன்றப்படும், மறுபடியும் விறகு, புகை, கோவைப்பழம். சொல்லாமல் ரெண்டு கதவை மட்டும் திறந்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்தால்? வாடை போனாலும் போய்விடும். கை கதவுத் தாழ்ப்பாளில் இருந்தது.

அப்போதுதான் கொல்லைப் பக்கமிருந்து ஆயம்மாள் வந்தாள். கையில் தூபக்கால். அதில் செக்கச்செவேலென்று கங்கு. மூட்டை சந்தைக்குப் போவதற்கு முந்தின நாள் மச்சில் ஏறி மூட்டைக்குச் சாம்பிராணி காட்டுவது அந்த வீட்டு வழக்கம்.

"மதினி! அங்கயே நில்லுங்க!"

"ஏண்டி கத்துற? வீடு என்னமோ ஊசிப்போன வாடை அடிக்குது. அதான் ரெண்டு கட்டி சாம்பிராணி கூடப் போட்டிருக்கேன்."

நல்லவேளை, ஆயம்மாள் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று பேசுகிறவள். மூக்கம்மாள் பாய்ந்து போய் வழியை மறித்தாள்.

"உள்ள கேஸ் ஒழுகுது மதினி. கங்கக் கிட்ட கொண்டாந்தீங்கன்னா நாம மூட்டையோட மூட்டையாப் போடிக்குப் போயிருவோம், லாரி இல்லாம."

"சாமி நெருப்புடி இது. உன் சாணி நெருப்பா, வெடிக்க?"

"ரெண்டுக்கும் வித்தியாசம் கேஸுக்குத் தெரியாது. கெணத்தடிக்குக் கொண்டு போங்க. தண்ணிய ஊத்துங்க."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா தூபத்துல தண்ணி ஊத்தவா!" ஆயம்மாள் முகம் வெளுத்தது. ஆனாலும் மூக்கம்மாள் முகத்தில் எதைப் பார்த்தாளோ, கிணற்றடிக்குத் தள்ளிப்போய், கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாள். கங்கு சீறி அடங்கியது.

மூக்கம்மாள் ஓடிப்போய்த் தொப்பித் திருகை மூடினாள். பிறகு கேட்டாள். "மதினி, நெசத்தச் சொல்லணும். இன்னைக்கு அடுப்புல காப்பி போட்டீங்களா?"

"நானா? அந்த நெருப்புலயா? என் நாக்கு அழுகிப்போகும்!"

"சண்டைக்குக் கேக்கல. தொப்பி எறங்கியிருக்கு. போட்டிருந்தா அது ஒரு கணக்கு. போடலன்னா அம்புட்டும் வீட்டுக்குள்ளதான் இருக்கு."

ஆயம்மாள் மாட்டைப் பார்த்தாள். மலை இருக்கவேண்டிய இடத்தில் இருந்த மேகத்தைப் பார்த்தாள். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில், "போடல" என்றாள். "மத்தியானம் சட்டிய வச்சேன். குச்சி கிழிச்சேன். மழைக்கு நமத்துப்போய் ஒண்ணும் பத்தல. மூணு குச்சி."

"மூணா?"

"மூணு. திருகத் தொடவே இல்ல, நம்ம சக்கம்மா மேல ஆணை."

அந்தத் தீப்பெட்டியை நமக்க வைத்த மழையை மூக்கம்மாள் அண்ணாந்து பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஜக்கையன் தலையில் சாக்குக் கொங்காணியோடு மலையிலிருந்து வந்து சேர்ந்தார். வாசல் கதவைத் திறந்து, இருட்டாக இருக்கிறதே என்று சுவிச்சுக்குக் கையை நீட்டினார். வீட்டுக்குக் கரண்டு வந்து எட்டு மாதம்தான். அந்தச் சுவிச்சைப் போடுவதில் அவருக்கு ஒரு ஜமீன்தார் சந்தோஷம்.

"தொடாதீங்க!" இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தியதில் தொழுவத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. தேவாரத்தில் ரெண்டு யானை திரும்பிப் பார்த்தன என்பார்கள்.

"என்னங்கடி?"

"கதவ அப்படியே திறந்துபோட்டு வெளிய வாங்க. பெறகு சொல்றேன்."

தெருவுக்கு வந்து, தூறலில் நின்று, அவள் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "முருங்கக் கொம்பு ஊண்டுறத நாளைக்கு வச்சுக்கங்க. இப்ப மச்சு சன்னலத் திறக்கணும். கேஸு பூராம் மேலதான் நிக்குது" என்றாள்.

"மச்சு சன்னலா?" ஜக்கையனுக்குக் குழியைவிட இது பெரிய இடி. "இந்த ஈரத்துலயா? விடியுறதுக்குள்ள காய் வெளுத்துப் போகும்டி. ஒரு வருசப் பாடு!"

"காய் வெளுத்தாக் காயி. வீடு போச்சுன்னா?"

அவர் தொழுவத்துக்குப் போய்த் தொரட்டிக் கம்பை எடுத்து வந்தார். மூக்கம்மாள் அதை வாங்கி, நுனியில் இருந்த இரும்புக் கொக்கியைக் கழற்றிப் போட்டாள். "கல்லுல உரசித் தீ பறக்கும். வெறும் கம்பால குத்துங்க." தெருவில் நின்றபடியே ஜக்கையன், தானே மெழுகிய சாணியைத் தானே குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் தன் விலாவில் வாங்குகிறவர் மாதிரி முனகினார். சாக்கு பிய்ந்து விழுந்ததும் ஏலக்காயும் முட்டையும் கலந்த ஒரு காற்று தெருவில் இறங்கியது. அப்படியொரு வாடையை அதற்கு முன்னாலும் பின்னாலும் அந்த ஜில்லா கண்டதில்லை.

வாடைக்கு ஊர் கூடியது. கூடிய ஆண்களில் பாதிப் பேர் வாயில் பீடி.

"என்னத்தா, கேஸு எங்க? காட்டு" என்று கையால் நெருப்பைப் பொத்தியபடி முன்னால் வந்தார் மொக்கச்சாமி. ஊரிலேயே அதிகம் பீடி குடிக்கிறவர்.

"அண்ணே, அந்தப் பீடிய அங்கிட்டுப் போய் அணச்சிட்டு வாங்க. தீப்பெட்டிய இங்க குடுங்க."

"பீடிக்குமா கோவம்?"

"குடுங்கண்ணே. நீங்க செத்தா உங்க வீட்ல ஒரு ஆளு கொறையும். நீங்க இங்க நின்னு செத்தா எங்க வீட்டு ஓடு பூராம் கொறையும்."

சிரிப்போடு சிரிப்பாகத் தீப்பெட்டிகள் அவள் மடிக்கு வந்து சேர்ந்தன. பதினேழு. மடி கனக்க நின்றுகொண்டு கூட்டத்தை வேப்பமரம் வரைக்கும் பின்னால் தள்ளினாள். பக்கத்து வீட்டாரை அடுப்பு மூட்டவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சுந்தரம்மாளின் புருஷன் சின்னச்சாமி போடிக்குச் சைக்கிளை மிதித்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு, 'விடிஞ்சதும் வர்றேன். யாரும் உள்ளே போக வேண்டாம்' என்ற பதிலோடு திரும்பினான்.

எல்லோரும் மேலத்தெரு மடத்தில் உட்கார்ந்து பழைய கம்மங்கூழைக் கரைத்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். "வெள்ளிக்கிழமை விளக்கு வைக்காத வீடு" என்று ஆயம்மாள் மூக்கைச் சிந்தினாள். பிறகு, "ஏண்டி, நான் காப்பி போடுறது உனக்கு எப்பருந்து தெரியும்?" என்றாள்.

"ஆவணியிலருந்து."

"ஒரு வார்த்த சொன்னியா, கள்ளி?"

ஜக்கையன் எழுந்தார். மடத்துக்குப் பின்னால் போய் ஒரு முருங்கைக்கொம்பை ஒடித்து வந்து, சுவரில் சாத்தி வைத்துவிட்டுப் படுத்தார்.

மறுநாள் முதல் பஸ்சில் யோசேப்பு வந்து இறங்கினார். திறந்து கிடந்த வீட்டைச் சுற்றிவந்து மோந்தார். "செரி. போயிருச்சு. எங்கருந்துன்னு பாப்போம்" என்றார். கொஞ்சம் பூந்திக்கொட்டையைக் கேட்டு வாங்கித் தண்ணீரில் போட்டு நுரை வரக் கசக்கினார். தொப்பித் திருகை லேசாகத் திறக்கச் சொல்லிவிட்டு, நுரையைத் துணியால் தொட்டுத் தொட்டுக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். ஊர் முழுக்கச் சன்னலில் தொங்கியது. அடுப்படி இணைப்பில் ஒன்றுமில்லை. தொழுவத்து இணைப்பில் ஒன்றுமில்லை. நடுவீட்டில், மச்சுப் பலகைக்குக் கீழே இருந்த வளைவில் தடவியதும், நுரை தவளைத் தொண்டை மாதிரி உப்பியது. வெடித்தது. மறுபடி உப்பியது.

"இந்தா, மூச்சு விடுது பாரு!" என்று கத்தினார் மொக்கச்சாமி.

யோசேப்பு திருகை மூடவைத்துவிட்டுக் குழாயைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தார். "நான் மாட்டினப்ப வெரல் மாதிரி நேரா இருந்துச்சே. இப்ப வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. இதென்ன, நடுவுல கயிறு அறுத்த தடம்? ஜக்கையன் மாப்ளே, இதுல யானை கினை கட்டினியா?"

ஜக்கையன் மச்சைப் பார்த்தார். மச்சில் மூட்டைகள் வரிசையாக இருந்தன.

"வியாழக்கெழமை" என்றாள் மூக்கம்மாள் மெதுவாக. "தராசு எதுல தொங்குச்சு?"

வீட்டில் எப்போதும் விட்டத்தில் கயிறு போட்டுத்தான் பெரிய தராசைத் தொங்கவிடுவார்கள். அதற்கு ஏணி வேண்டும், நீளக் கயிறு வேண்டும், பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். குழாயோ கைக்கெட்டும் உயரத்தில், யானை தாங்கும் கனத்தில் இருந்தது. ஒரு தட்டில் மூட்டை, ஒரு தட்டில் படிக்கல். ஒரு வருசப் பாடு முழுவதையும் ஜக்கையன் அதில்தான் நிறுத்திருந்தார்.

"ஏத்த எறக்க லேசா இருக்கேன்னு..." என்றார்.

யோசேப்பு அரைமணி நேரத்தில் வளைவை மாற்றி, மறுபடி நுரை தடவிக் காட்டினார். நுரை உப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. "இனி பேடிக்க ஒண்ணும் இல்ல. தங்கச்சி, நேத்து நீ செஞ்சதுல ஒண்ணக்கூட நான் மாத்திச் சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "காப்பி கிடைக்குமா?" என்றார்.

யாரும் அசைவதற்கு முன்னால் ஆயம்மாள் அடுப்படிக்குப் போனாள். மூக்கம்மாள் தன் மடியிலிருந்த பதினேழில் காய்ந்த பெட்டி ஒன்றைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தாள். நீல நெருப்பில், ஊர் பார்க்க, ஆயம்மாள் காப்பி போட்டாள். பழகின கை.

மச்சிலிருந்து மூட்டைகள் இறங்கின. சன்னலோரத்து இரண்டு மூட்டைதான் வெளுத்திருந்தது. ஜக்கையன் லோடு ஏற்றிவிட்டு, கொல்லையில் அந்த முருங்கைக்கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குழியையும் பார்க்கவில்லை, பெண்டாட்டியையும் பார்க்கவில்லை. எங்காவது வீசிவிடலாமா என்று இடம் தேடுகிற மாதிரி இருந்தது.

"எதுக்கு வீசுறீங்க?" என்றாள் மூக்கம்மாள். "தொழுவத்து ஓரமா ஊண்டுங்க. வளந்ததும் தராசை அதுல தொங்கவிடலாம்."

"முருங்கை தராசு தாங்குமாடி? மடக்குனு முறிஞ்சிராது?"

"முறிஞ்சா முறியிற சத்தமாச்சும் கேக்கும்" என்று சொல்லிவிட்டு, அவள் சுண்ணாம்புக் கரண்டகத்தை எடுத்துக்கொண்டு தொப்பிக்குப் பொட்டு வைக்கப் போனாள்.